தாய்ப்பத்திரம் பார்க்காமல் எழுதிய வம்சாவளி: ஒரு குடும்ப வரலாற்று அறிக்கையின் மதிப்புரை

கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடித் தொகுத்துப் புத்தகமாகக் கட்டித் தரும் நிறுவனங்கள் தென்னாப்பிரிக்காவில் உண்டு. அவற்றுள் ஒன்றிடம் எங்கள் குடும்பம் சென்ற ஆண்டு ஓர் அறிக்கை வாங்கியது. இந்த மதிப்புரை அந்த அறிக்கையைப் பற்றியது. நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. இத்தகைய அறிக்கை கைக்கு வந்ததும் எந்தெந்த இடங்களில் விரலை வைத்து நிறுத்திப் படிக்க வேண்டும் என்று சொல்வதற்கு அந்தப் பெயர் தேவைப்படவுமில்லை.

நான் பொன்னேரிப் பக்கத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் வாரிசுச் சான்றும் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. மகன் கேப் டவுனுக்கு அருகிலுள்ள பார்ல் நகரில் வேலையில் இருக்கிறான். மருமகள் ஆஃப்ரிகான்ஸ் பேசும் குடும்பத்துப் பெண். அவளுடைய தகப்பனாருக்கு, அதாவது எங்கள் சம்பந்திக்கு, எழுபது வயது நிறைவதையொட்டி அவருடைய தாய்வழி முன்னோரைப் பற்றிய அறிக்கை ஒன்றைப் பரிசாகக் கொடுப்பது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். அவருடைய தாயார் ஸ்னைமன் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தில் ஹியூகெனாட் இரத்தம் உண்டு என்பது அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த செய்தி.

கட்டணம் 9,000 ராண்டுக்குச் சற்றுக் குறைவு. எட்டு வாரத்தில் தருவதாகச் சொல்லிப் பதினான்கு வாரத்தில் தந்தார்கள். அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, தேடுதல் வேலைக்கு நேரம் ஆகத்தான் செய்யும். வந்தது 72 பக்கப் புத்தகம். கெட்டி அட்டை, தங்க எழுத்து, அட்டையின் நடுவில் சிவப்புக் கேடயத்தில் வெள்ளைச் சிலுவை. பார்வைக்கு மிக நன்றாக இருந்தது. மருமகள் படித்துக்காட்டிய முதல் மாலையில் வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். மறுநாள் நான் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, பத்திரம் பார்க்கிற பழக்கத்தில் பென்சிலால் ஓரத்தில் குறி போட ஆரம்பித்தேன். மதியத்திற்குள் முப்பதுக்கு மேல் குறிகள் விழுந்துவிட்டன.

ஹியூகெனாட்டுகள் என்போர் பிரான்சின் சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர்கள் என்பதும், 1598-இல் நான்ட் நகரில் நான்காம் ஹென்றி அவர்களுக்கு வழங்கிய வழிபாட்டு உரிமையைப் பதினான்காம் லூயி 1685-இல் பறித்துக்கொண்டார் என்பதும் நம் பாடப் புத்தகங்களிலேயே உள்ளவை. அதனால் நாட்டைவிட்டுச் சிதறியவர்களில் ஏறத்தாழ 200 பேரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி முக்கியமாக 1688, 1689 ஆகிய ஆண்டுகளில் நன்னம்பிக்கை முனைக்கு, அதாவது கேப்புக்கு, கப்பலேற்றியது. இன்று ஃபிரான்ஸ்ஹூக், அதாவது பிரெஞ்சுக்காரர் மூலை, என்று அழைக்கப்படும் பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்த டிராகன்ஸ்டைன் பகுதியிலும் அவர்களுக்கு நிலம் கொடுத்தார்கள். ஆனால் கூட்டமாக வாழ்ந்தால் தனிச் சமூகமாகிவிடுவார்கள் என்று கருதிய ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல், டச்சுக் குடியானவர்களின் நிலங்களுக்கு இடையிடையே அவர்களைக் குடியமர்த்தினார். 1701-இல் பள்ளிகளில் டச்சு மொழி மட்டுமே கற்பிக்கப்பட வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. ஓரிரு தலைமுறைக்குள் பிரெஞ்சு மொழி போயிற்று. பெயர்கள் மட்டும் நின்றன, அவையும் உருமாறி நின்றன. வில்லியோன் ஃபில்யூன் ஆயிற்று. பினார் பீனார் ஆயிற்று. ரெத்திஃப் ரெத்தீஃப் ஆயிற்று. தாயேஃபெர் தல்யார்ட் ஆயிற்று. பிரெஞ்சுப் பெயரைக் காதால் கேட்டு டச்சு எழுத்தர் எழுதியதை அடுத்த எழுத்தர் பார்த்து எழுதியதன் விளைவு இது. இந்தப் பகுதியை அறிக்கை சுருக்கமாகவும் சரியாகவும் சொல்கிறது. பின்னிணைப்பில் உள்ள பெயர்த் திரிபுகளின் அட்டவணை உண்மையிலேயே உழைத்துத் தயாரிக்கப்பட்டது.

சிக்கல் குடும்பத்துக்குள் நுழைந்ததும் தொடங்குகிறது. ஸ்னைமன் என்பது பிரெஞ்சுப் பெயர் அன்று. இக்குடும்பத்தின் ஹியூகெனாட் தொடர்பு ஒரு பெண் வழியாக வருவது: கேப்பில் பிறந்த கிறிஸ்டோஃபல் ஸ்னைமன் என்பவர் 1690-ஐ ஒட்டி மணந்துகொண்ட மார்கரீத் தெரேஸ் டெ சவோய். அவருடைய தந்தை ஜாக் டெ சவோய், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆத் என்னும் ஊரில் பிறந்து, கெண்ட் நகரில் வணிகம் செய்து, 1688 ஜனவரியில் ஓஸ்டர்லாண்ட் என்ற கப்பலில் குடும்பத்தோடு புறப்பட்டு ஏப்ரலில் கேப் வந்து சேர்ந்தவர். சிமாண்டியத்தில் அவர் பெற்ற பண்ணையான ஃப்ரேட என் லுஸ்ட் இன்றும் திராட்சைத் தோட்டமாக இருக்கிறது. மகன் வீட்டிலிருந்து காரில் சென்று பார்த்துவிட்டு வரக்கூடிய தூரந்தான்.

அட்டையில் உள்ள சிவப்புக் கேடயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் விடை இருக்கிறது. சவோய் என்ற பெயர் இருப்பதால், ஆல்ப்ஸ் மலைப்பகுதியை ஆண்டு துரின் நகரில் அரண்மனை வைத்திருந்த சவோய் கோமான்களின் மரபில் ஜாக் டெ சவோய் வந்தவர் என்று அது கூறுகிறது. ஆதாரம் என்று காட்டப்படுவது பெயர் ஒற்றுமை ஒன்றே. ஊர்ப் பெயரைத் தாங்கியவரெல்லாம் அந்த ஊரின் அரசர் வழியில் வந்தவர் என்றால், தஞ்சாவூரார் என்று அழைக்கப்படும் ஒவ்வொருவரும் இராசராசனின் வாரிசாக வேண்டும். ஆத் நகர வணிகரை அந்த அரச மரபோடு இணைக்கும் ஒரு பதிவைக்கூட, ஒரு ஞானஸ்நானக் குறிப்பையோ உயிலையோ கூட, அறிக்கை காட்டவில்லை. இடையில் ஐந்து தலைமுறைக்குப் பெயர்களே இல்லாமல் புள்ளிக்கோடு போட்டிருக்கிறார்கள். அந்தப் புள்ளிக்கோட்டின் மேல் முனையில் ஒரு கோமான் கிரீடத்தோடு நிற்கிறார்.

அதே பக்கத்தில் இன்னொரு பிழை உண்டு. இது சிறியது, ஆனால் தொகுத்தவர் எவ்வாறு வேலை செய்தார் என்பதைக் காட்டுவது. 1685-இல் நான்ட் ஆணை நீக்கப்பட்டதால் ஜாக் டெ சவோய் பிரான்சைவிட்டு ஓடினார் என்று எழுதியிருக்கிறார்கள். ஆத் நகரம் 1667-இல் பிரெஞ்சுப் படையால் கைப்பற்றப்பட்டு 1678-இல் ஸ்பெயினிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. கெண்ட் நகரும் அப்போது ஸ்பானிய நெதர்லாந்தில் இருந்தது. ஆகவே 1685-இல் பதினான்காம் லூயி போட்ட ஆணை அவரை நேரடியாகக் கட்டுப்படுத்தியிருக்க முடியாது. அவர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவராகவும் கத்தோலிக்க ஆட்சியின் கீழ் இன்னல் கண்டவராகவும் இருந்தார் என்பது வேறு. ஒவ்வொரு ஹியூகெனாட் குடும்பத்துக்கும் ஒட்டுவதற்காக எழுதி வைத்திருந்த பத்தியை ஊர் எது என்று பார்க்காமல் இங்கும் ஒட்டியிருக்கிறார்கள்.

கப்பல் பட்டியலுக்கு வருவோம். ஓஸ்டர்லாண்ட் கப்பலின் பட்டியலில் ஜாக் டெ சவோய், அவருடைய மனைவி மரி மதலேன் லெ கிளேர்க், மாமியார் அந்துவானெத் கார்னுவா, பிள்ளைகளாக 17 வயது மார்கோ, 15 வயது பார்பரா, 9 மாதக் குழந்தை ஜாக் ஆகியோர் இருக்கிறார்கள். பட்டியல் மூன்று பேரையும் ஒரே வரிசையில் அத்தம்பதியின் பிள்ளைகள் என்று எழுதுகிறது. அறிக்கை அதை அப்படியே எடுத்துக்கொண்டு, மார்கரீத்தின் தாய் மரி மதலேன் என்று மரத்தில் பதிந்துவிட்டது. ஆனால் மரி மதலேன் இரண்டாம் தாரம். பெரிய பெண்கள் இருவரும் கிறிஸ்தியானா டு போன் என்ற மூத்த தாரத்தின் மக்கள் என்பதே ஆய்ந்தவர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி. 15 வயதுப் பெண்ணுக்கும் 9 மாதக் குழந்தைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே, வாரிசுச் சான்று எழுதிப் பழகிய எவருக்கும் ஒரு கேள்வி எழ வேண்டும். கப்பல் பட்டியல் எழுதியவருக்கு வேண்டியிருந்தது எத்தனை பேருக்குச் சோறு போட வேண்டும் என்ற கணக்கு. யார் யாருடைய வயிற்றில் பிறந்தார் என்பது அவருடைய வேலையன்று. ஒரு பதிவு எதற்காக எழுதப்பட்டதோ அதற்கு மட்டுமே அது முழுச் சாட்சி. மற்றவற்றுக்கு அது செவிவழிச் செய்தி போன்றதே.

மார்கரீத்தின் பிறந்த ஆண்டு பதினோராம் பக்கத்தில் 1670 என்றும் இருபத்தாறாம் பக்கத்தில் 1673 என்றும் அச்சாகியிருக்கிறது. முதலாவது கப்பல் பட்டியலின் வயதைக் கழித்துப் பெற்றது. இரண்டாவது எங்கிருந்து வந்ததென்று குறிப்பில்லை. இரண்டும் வேறுபடுவதில் குற்றமில்லை, பழைய பதிவுகள் வேறுபடவே செய்யும். வேறுபடுகின்றன என்று வாசகனுக்குச் சொல்லாமல் ஒரு பக்கத்தில் ஒன்றையும் மறு பக்கத்தில் மற்றொன்றையும் உறுதிபோல எழுதுவதுதான் குற்றம். இதைவிட வேடிக்கை, ஒரு தேதியைப் பழைய நாட்காட்டியிலிருந்து மாற்றுவதாகச் சொல்லிப் பத்து நாள் கூட்டியிருப்பது. ஹாலந்து, சீலாந்து மாகாணங்கள் 1582, 1583-ஐ ஒட்டியே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டன. அவற்றின் கம்பெனி ஆண்ட கேப்பிலும் அந்த நாட்காட்டியே இருந்தது. இங்கிலாந்து 1752 வரை மாறாமல் இருந்ததை நினைத்துக்கொண்டு யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்.

இனி, நான் இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான முப்பத்தோராம் பக்கம்.

கிறிஸ்டோஃபல் ஸ்னைமனின் தாய் யார் என்ற கேள்விக்கு அறிக்கை தரும் விடை: கத்தரீனா அந்தோனிஸ், வங்காளத்தைச் சேர்ந்தவர், 1656-இல் கேப்பில் யான் வவுட்டர்ஸ் என்ற டச்சுக்காரரை மணந்து, அவருக்குப்பின் ஹைடெல்பெர்க் நகரப் படைவீரர் ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் ஸ்னைமனை "சுமார் 1668-இல்" மறுமணம் செய்துகொண்டவர். படிப்பதற்கு ஒழுங்காக இருக்கிறது. இதில் இரண்டு பெண்களை ஒருவராக்கியிருக்கிறார்கள். நடக்காத திருமணம் ஒன்றையும் நடத்தி வைத்திருக்கிறார்கள்.

வங்காளத்துக் கத்தரீனா அந்தோனிஸ் என்று ஒருவர் உண்மையில் இருந்தார். 1656-இல் யான் வவுட்டர்ஸை மணந்தவர் அவரே. ஆனால் கிறிஸ்டோஃபல் ஸ்னைமனின் தாய் வேறொரு கத்தரீனா. அவரைக் கேப்பின் பதிவுகள் க்ரோட்டெ கத்ரைன், அதாவது பெரிய கத்ரைன், என்றும் பலியாகட்டாவைச் சேர்ந்த கத்தரீனா என்றும் குறிக்கின்றன. பலியாகட்டா என்பது வேறெதுவுமில்லை, எங்கள் பழவேற்காடு. டச்சுக்காரர் 1610 முதல் அங்கே வணிகம் செய்து, கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக அதை வைத்திருந்தார்கள். அங்கிருந்து துணி போயிற்று. பஞ்ச காலங்களில் மனிதர்களும் விலைக்குப் போனார்கள். அவ்வாறு பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமையாகக் கொண்டுபோகப்பட்ட இந்தப் பெண், அங்கே தன் காதலனைக் கொன்ற வழக்கில் 1656-இல் மரண தண்டனை பெற்று, தண்டனை குறைக்கப்பட்டு, ஆயுள் முழுவதும் கேப்புக்கு நாடு கடத்தப்பட்டார். 1657-இல் கேப் வந்து சேர்ந்தார். அந்தக் குடியேற்றத்தின் பதிவுகளில் காணப்படும் முதல் பெண் தண்டனைக் கைதி அவரே.

இரண்டு பேரையும் பிரித்துக் காட்டுவதற்கு ஆவணக் காப்பகத்துக்குக்கூடப் போக வேண்டியதில்லை. ஒருத்திக்கு 1656-இல் கேப்பில் கலியாணம். மற்றவர் அதே ஆண்டில் பட்டேவியாவில் விசாரணைக் கைதி. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருந்திருக்க முடியாது. குழப்பம் எப்படி வந்திருக்கும் என்பதையும் ஊகிக்கலாம். பெரிய கத்ரைன் 1671-இல் அந்தோனி யான்ஸ் என்ற, அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றவரை மணந்தார். அவர் வங்காளத்தைச் சேர்ந்தவர். அந்தோனிஸ் என்ற தந்தைப் பெயர் கொண்ட வங்காளத்துக் கத்தரீனா ஒருவர்; வங்காளத்து அந்தோனியின் மனைவியான கத்தரீனா இன்னொருவர். ஒரே ஊரில் இரண்டு முருகேசன்கள் இருந்து ஒருவருக்கு இனிஷியல் விட்டுப்போனால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது. பொன்னேரியில் இதனால் வழக்குகள் நடந்ததுண்டு.

தந்தையைப் பற்றிய பகுதி இன்னும் கவனம் தேவைப்படுவது. கிறிஸ்டோஃபல் 1669-இல் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது தாய்க்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன் தந்தை என்று ஆய்வாளர்கள் கொள்வது, அவர் காவல் பணியின்போது பெரிய கத்ரைனிடம் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்ட நீதிமன்றப் பதிவையும், பையனுக்கு வந்த முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்து வைத்துப் பார்த்துத்தான். அது வலுவான அனுமானம். நானும் அதை ஏற்கிறேன். ஆனால் அனுமானம் என்று எழுத வேண்டும். அந்தப் படைவீரரின் பெயரே சில தொகுப்புகளில் ஷ்னைடர் என்று வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தண்டனை பெற்ற படைவீரனும் கைதிப் பெண்ணும் மணமுறைப்படி வாழ்ந்ததாக ஒரு திருமண ஆண்டை உண்டாக்கி, முன்னால் "சுமார்" என்று ஒரு சொல்லை வைத்துவிட்டால் அது ஆவணம் ஆகிவிடாது. இந்த அறிக்கையில் "சுமார்" என்ற சொல்லை நான் எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு இடங்கள். அவற்றுள் பாதியில் தேதி ஏறக்குறைய தெரியும் என்ற பொருளில் வருகிறது. மீதியில், நிகழ்ச்சியே நடந்ததா என்று தெரியாது என்ற பொருளில் வருகிறது.

வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது: பிழைகள் எல்லாம் ஒரே திசையில் சாய்கின்றன. வணிகர் கோமான் ஆகிறார். கொலை வழக்கில் நாடு கடத்தப்பட்ட பெண் டச்சுக்காரரின் மனைவி ஆகிறார். மணமில்லாத இடத்தில் மணம் வருகிறது. பரிசாக வாங்கப்படும் புத்தகத்தில் வாங்குபவரின் முகம் சுளிக்கக் கூடாது என்ற எண்ணம், எழுதுகிறவரின் கையை அவர் அறியாமலே பிடித்து எழுதியிருக்கலாம். இங்குள்ள வம்சாவளி மரபும் இதற்கு உதவியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் குடும்பங்களை எண்ணிடுவதற்கு டெ வில்லியர்ஸ், பாமா ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் ஒரு முறை உண்டு: முதலில் வந்த ஆண் முன்னோருக்கு ஏ, அவருடைய பிள்ளைகளுக்கு பி, பேரப்பிள்ளைகளுக்கு சி என்று எழுத்தும் எண்ணும் சேர்ந்து போகும். கையாள மிக எளிது; எண்ணைப் பார்த்ததும் எத்தனையாவது தலைமுறை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதில் தாய்மாருக்கு எண் கிடையாது. பெரிய கத்ரைனுக்கும் இல்லை, மார்கரீத்துக்கும் இல்லை. நம் தொழிலில் சொத்தின் பூர்வீகத்தைக் காட்டும் பழைய பத்திரத்தைத் தாய்ப்பத்திரம் என்கிறோம்; இங்கே வம்சத்துக்குத் தாய்ப்பத்திரமாக இருந்த பெண்ணே கணக்கில் வராமல் போயிருக்கிறார்.

சம்பந்தியின் இளைய மகள் சில ஆண்டுகளுக்கு முன் மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது தெற்காசியப் பங்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு என்று வந்ததாம். இயந்திரக் கோளாறு என்று வீட்டில் தள்ளிவிட்டார்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆஃப்ரிகான்ஸ் பேசும் வெள்ளையரான ஆஃப்ரிகானர் 77 பேரின் மரபணுக்களைப் பார்த்து, ஐரோப்பியர் அல்லாத முன்னோரின் பங்கு சராசரியாக 4.7 விழுக்காடு என்றும், அதில் தெற்காசியாவிலிருந்து வந்தது 1.7 விழுக்காடு என்றும் கண்டது. பத்துத் தலைமுறைக்கு முன்னால் இருந்த ஒருவரின் பங்கு சராசரியாக 1,024-இல் ஒன்றுதான் இருக்கும். ஆகவே அந்த இரண்டு விழுக்காட்டைப் பெரிய கத்ரைன் ஒருவரால் கொடுத்திருக்க முடியாது. அவரைப்போல் வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்த பல பெண்கள் இந்தக் குடும்ப மரத்தின் வெவ்வேறு கிளைகளில் இருக்கிறார்கள். மரபணுச் சோதனை முடிவை நாங்கள் நிறுவனத்திடம் கொடுத்திருந்தோம். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டுப் பகுதி சிறப்பாக இருக்கிறது. இறந்தவர்களின் சொத்தை நிர்வகித்துவந்த, கம்பெனிக் காலத்தின் அநாதைகள் சபை 1834-ஐ ஒட்டிக் கலைக்கப்பட்ட பிறகு, ஒருவர் இறந்தால் அவருடைய பெற்றோர், பிறந்த ஊர், பிள்ளைகள், விட்டுச்சென்ற சொத்து ஆகியவற்றை எழுதிக் கொடுக்கும் மரண அறிவிப்புப் படிவங்கள் இங்கே ஒழுங்காக வைக்கப்பட்டன. சம்பந்தியின் கொள்ளுப்பாட்டனார் வரை ஆறு படிவங்களின் நகலை அறிக்கையில் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் தகவல் கொடுத்தவர் யார், அவர் இறந்தவருக்கு என்ன உறவு என்பதையும் குறித்திருக்கிறார்கள்; மகன் சொன்ன செய்திக்கும் பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்ன செய்திக்கும் வித்தியாசம் உண்டு என்று ஓர் அடிக்குறிப்பே இருக்கிறது. இதே கவனம் 17ஆம் நூற்றாண்டுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. ஒருவேளை இரண்டு பகுதிகளையும் இரண்டு பேர் எழுதியிருக்கலாம்.

நிறுவனத்துக்கு மருமகள் மூலம் விரிவாகக் கடிதம் எழுதினோம். நான்கு நாளில் பதில் வந்தது, மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். முப்பத்தோராம் பக்கத்துக்கு அவர்கள் சொன்ன ஆதாரம், இணையத்தில் உள்ள பதினொரு குடும்ப மரங்கள் அவ்வாறே கூறுகின்றன என்பது. ஒரு போலிப் பத்திரத்தைப் பதினொரு நகல் எடுத்தால் பதினொரு சாட்சி ஆகாது. அந்த மரங்களில் சிலவற்றை மருமகள் திறந்து பார்த்தாள். ஒன்றிலிருந்து ஒன்று எடுத்தது என்பது எழுத்துப் பிழை உட்பட எல்லாம் ஒத்திருந்ததில் தெரிந்தது.

அந்தப் பணத்தில் நீங்களே தேட முடியுமா என்று கேட்டால், பாதி தூரம் முடியும் என்பேன். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கிப் பழைய சபைப் பதிவேடுகளின் படங்கள் பலவற்றைப் பார்க்கலாம். கேப் டவுன் சபையின் ஞானஸ்நானப் பதிவுகள் 1665-இலிருந்தும், ஸ்டெலன்பாஷ் பதிவுகள் 1686-இலிருந்தும், டிராகன்ஸ்டைன் பதிவுகள் 1694-இலிருந்தும் தொடங்குகின்றன என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால், 1690-இல் டிராகன்ஸ்டைனில் பிறந்த குழந்தையை அந்த ஊர் ஏட்டில் தேடி ஏமாற மாட்டீர்கள். இறந்தவர் வீட்டில் இருந்த பொருள்களை அறை அறையாக எழுதிய அநாதைகள் சபையின் சொத்துப் பட்டியல்கள் டச்சுக் கம்பெனியின் ஆவணங்களைப் பாதுகாப்பதற்கான டனாப் திட்டத்தின் மூலம் எழுத்துப்பெயர்க்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட குடிக்கணக்கில் மனைவி, பிள்ளைகள், அடிமைகள், மாடுகள், திராட்சைக் கொடிகள், விதைத்த கோதுமை எல்லாம் வரும்; வரிக்குப் பயந்து விளைச்சலைக் குறைத்துச் சொல்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான், ஆட்களின் எண்ணிக்கையை அதைவிட நம்பலாம். மூலத்தைப் பார்க்க வேண்டுமானால் கேப் டவுனில் ரூலண்ட் தெருவில், பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில், மேற்குக் கேப் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய டச்சுக் கையெழுத்துத்தான் தடை. ஆஃப்ரிகான்ஸ் தெரிந்த மருமகளுக்கே ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க ஒரு பிற்பகல் ஆயிற்று. அந்தத் திறமைக்காகத்தான் கட்டணம் கொடுக்கிறோம் என்று நினைத்துத்தான் நிறுவனத்துக்குப் போனோம்.

ஆகவே என் மதிப்பீடு இது: 1800-க்குப் பிற்பட்ட காலத்துக்கு மட்டும் அறிக்கை வேண்டுபவர்கள் இத்தகைய சேவையை வாங்கலாம், கொடுத்த பணத்துக்குப் பழுதில்லை. கம்பெனிக் காலத்தைக் கேட்பவர்கள், ஒவ்வொரு பெயருக்கும் நேராக எந்தப் பதிவு, எந்த ஏடு, எந்தப் பக்கம் என்று எழுதித் தருவார்களா என்று முன்பணம் கட்டும் முன்னரே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுக்கிறேன். அந்த இரண்டும் மரண அறிவிப்புப் படிவங்களுக்கும் பெயர்த் திரிபு அட்டவணைக்கும் உரியவை.

திருத்திய பதிப்பு ஐந்து வாரம் கழித்து வந்தது. கோமானை எடுத்துவிட்டார்கள், அட்டையில் கேடயம் அப்படியே இருக்கிறது. 1656ஆம் ஆண்டுத் திருமணம் போய்விட்டது. கிறிஸ்டோஃபலின் தாயார் என்ற இடத்தில் இப்போது "பலியாகட்டா, வங்காளம்" என்று இருக்கிறது, வரைபடத்தில் கல்கத்தாவுக்குத் தெற்கே ஒரு சிவப்புப் புள்ளியோடு. பிறந்தநாளுக்கு மூன்று நாளே இருந்தது. பதிவுத் துறையில் இத்தகைய நிலைக்குப் பிழைதிருத்தல் பத்திரம் என்று ஒன்று உண்டு. அதே முறையில் ஒரு தாளில் நான் தமிழில் எழுத, மருமகள் ஆஃப்ரிகான்ஸில் எதிர்ப்பக்கத்தில் எழுதினாள், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு நூலால் தைத்தோம்:

"பக்கம் 31, வரி 4-இல் 'வங்காளம்' என்றிருப்பதைச் 'சோழமண்டலக் கரை, பழவேற்காடு, சென்னைக்கு வடக்கே' என்று வாசிக்கவும். வரி 6-இல் 'கணவர்' என்ற சொல் நீக்கப்படுகிறது. வரி 7-இல் திருமண ஆண்டு நீக்கப்படுகிறது. அவ்விடம் வெற்றாக விடப்படுகிறது. பக்கம் 11-இல் மார்கரீத் தெரேஸின் தாயார் பெயர் கிறிஸ்தியானா டு போன் என்று வாசிக்கவும். பிறந்த ஆண்டு இரண்டும் அடிக்கப்படாமல் அப்படியே இருக்கட்டும்."